வெள்ளைக் கோட்டோடு சட்டமன்றத்துக்கு ஏன் போகிறார்கள்?

ஒருவர் கேட்டிருந்தார்: "என் மகள் அமெரிக்காவில் ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சியில் முதல் வருடம் படிக்கிறாள். போன வாரம் அவர்கள் குழுவையே வெள்ளைக் கோட்டு மாட்டி மாநிலத் தலைநகருக்கு அழைத்துப் போனார்களாம், சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்க. நோயாளிகளைப் பார்க்க வேண்டிய நாளில் அங்கே என்ன வேலை? மாநிலச் சட்டமும் பட்ஜெட்டும் ஒரு குடும்ப மருத்துவரை அப்படி என்ன செய்துவிடும்?"

ரெசிடென்சி என்பது பட்டம் முடித்த டாக்டர் ஒரு துறையில் பயிற்சி பெறும் காலம். என் ரெசிடென்சியிலும் இப்படித்தான் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். நாள் முழுக்கப் படியேறி இறங்கி, கடைசியில் ஓர் உறுப்பினரின் உதவியாளரோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினோம். உறுப்பினரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் வீணாகப் போனது என்றுதான் நினைத்தேன். பிறகு சொந்தமாகக் கிளினிக் நடத்த ஆரம்பித்து, மாதக் கடைசியில் ஊழியர் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டபோதுதான் அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்று புரிந்தது.

அமெரிக்க மருத்துவம் என்றாலே பேச்சு வாஷிங்டனைச் சுற்றித்தான் வரும். ஆனால் ஒரு குடும்ப மருத்துவரின் அன்றாட வேலையை எடுத்துப் பாருங்கள். லைசென்ஸ் கொடுப்பது மாநில மருத்துவ வாரியம். நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதலாகப் படித்து, நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும் நர்ஸ்) ஒருவர் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் தனியாக மருந்து எழுதலாமா என்பது மாநிலத்தின் முடிவு. வலி மாத்திரை எத்தனை நாளைக்கு எழுதலாம், பள்ளியில் சேரும் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி கட்டாயம், நோயாளி வழக்குப் போட்டால் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு உண்டா, எல்லாம் மாநிலச் சட்டம்தான். ஏழை நோயாளி ஒருவரைப் பார்த்தால் என்ன பணம் வரும் என்பது மாநில பட்ஜெட். டாக்டர்கள் அதிகம் சத்தம் போடுவது சட்டங்களைப் பற்றி. ஆனால் நான் பார்த்த வரையில், ஒரு கிளினிக் திறந்திருப்பதையும் மூடப்படுவதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் பட்ஜெட். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேர் முழுக்க மத்திய அரசுடையது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் அப்படி இல்லை. இரண்டும் 1965-ல் ஒன்றாகப் பிறந்தவைதான், ஆனால் மெடிக்கெய்டின் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன, நடத்துவது மாநிலம். இன்றைக்கு ஏறக்குறைய 7 கோடிப் பேர் அதில் இருக்கிறார்கள். நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 10-க்கு 4 பேரின் பிரசவச் செலவு அதிலிருந்துதான் போகிறது. டாக்டருக்கு ஒரு விசிட்டுக்கு எவ்வளவு தருவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி, குடும்ப மருத்துவர் செய்யும் அடிப்படைச் சிகிச்சைக்கு மெடிகேர் 100 டாலர் கொடுக்கும் இடத்தில் மெடிக்கெய்ட் சராசரியாக 67 டாலர்தான் கொடுத்தது.

67 என்பது கேட்பதற்கு அவ்வளவு மோசமாகத் தோன்றாது. ஆனால் கிளினிக் கணக்கு வேறு மாதிரி. வாடகை, நர்ஸ், ரிசப்ஷன், பில்லிங் ஆள், கம்ப்யூட்டர் மென்பொருள், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு விசிட்டுக்கு 60 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். மெடிகேர் நோயாளியிடம் 40 மிஞ்சும். மெடிக்கெய்ட் நோயாளியிடம் 7. இப்போது மாநிலம் "நிதி நெருக்கடி, 10 சதவீதம் மட்டும் குறைக்கிறோம்" என்று சொன்னால், 67 என்பது 60 ஆகிறது. மிஞ்சுவது பூஜ்யம். தலைநகரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பத்து சதவீதம். டாக்டருக்கு அந்த நோயாளியிடமிருந்து கிடைத்துக்கொண்டிருந்த மொத்தமும் போயிற்று. சிறப்பு மருத்துவர் ஒரு ஆபரேஷனிலோ பரிசோதனையிலோ ஈடுகட்டிவிடுவார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வேறு வழிகள் உண்டு. குடும்ப மருத்துவருக்கு இருப்பது விசிட் ஒன்றுதான். அதில் இழப்பு வந்தால் அவர் செய்யக்கூடியது மூன்றே: ஒரு நாளைக்கு இன்னும் நிறையப் பேரைப் பார்ப்பது, மெடிக்கெய்ட் நோயாளிகளைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துவது, அல்லது கிளினிக்கை ஒரு பெரிய நிறுவனத்திடம் விற்றுவிட்டுச் சம்பளத்துக்குப் போவது. மூன்றையும் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, மாநிலம் ஏன் அங்கேயே கை வைக்கிறது? வெர்மாண்ட் தவிர்த்து மற்ற எல்லா மாநிலங்களிலும் வரவுக்குள் செலவு அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மத்திய அரசு போலக் கடன் வாங்கி ஓட்ட முடியாது. பொருளாதாரம் படுத்தால் வரி வருமானம் குறையும். அதே நேரத்தில் வேலை போனவர்கள் மெடிக்கெய்டில் சேருவார்கள். வரவு குறையக் குறையச் செலவு ஏறும். மத்திய விதிகளால் ஆட்களை இஷ்டத்துக்கு நீக்க முடியாது. கட்டாயச் சேவைகளையும் தொட முடியாது. மிச்சம் இருப்பது பெரியவர்களுக்கான பல் சிகிச்சை போன்ற விருப்பச் சேவைகளும், டாக்டருக்குக் கொடுக்கும் தொகையும்தான். கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அந்தக் கதவும் பெரும்பாலும் மூடியாயிற்று. மெடிக்கெய்ட் கட்டணம் போதவில்லை என்று சிகிச்சை தருபவர்கள் மாநிலத்தின் மீது மத்திய நீதிமன்றத்தில் அப்படி வழக்குப் போட முடியாது என்று ஐடஹோவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் கேட்பதற்கு இருக்கிற இடம் சட்டமன்றம் ஒன்றுதான். வெள்ளைக் கோட்டுப் பயணத்துக்கு இது ஒரு காரணம்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மெடிக்கெய்டில் மத்திய அரசின் பங்கு மாநிலத்தின் வருமானத்தைப் பொறுத்தது. பணக்கார மாநிலத்துக்குக் குறைந்தபட்சம் 50 சதவீதம். மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலத்துக்குச் சுமார் 77. அதாவது மிசிசிப்பி தன் கஜானாவில் 1 டாலர் மிச்சம் பிடிக்க வேண்டுமானால், டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகும் பணத்தில் 4 டாலருக்கு மேல் வெட்டியாக வேண்டும். மிச்சமெல்லாம் வாஷிங்டனுக்கே திரும்பிவிடும். புத்தியுள்ள நிதிக்குழுத் தலைவருக்கு இந்தக் கணக்கு தெரியும். தெரியாதவருக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

கட்டணத்தை உயர்த்தினால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்கலாம். அதற்கு ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. ஒபாமா காலத்து மருத்துவச் சட்டம், 2013, 2014 ஆகிய இரண்டு வருடங்களுக்கு மட்டும், அடிப்படைச் சிகிச்சைக்கான மெடிக்கெய்ட் கட்டணத்தை மெடிகேர் அளவுக்கு உயர்த்தியது. கூடுதல் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. 10 மாநிலங்களில் ஆய்வாளர்கள் மெடிக்கெய்ட் நோயாளிகளைப் போல நடித்து கிளினிக்குகளுக்குப் போன் செய்து பார்த்தார்கள். உயர்வுக்கு முன் 58.7 சதவீத அழைப்புகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. உயர்வுக்குப் பின் 66.4. தனியார் இன்ஷூரன்ஸ்காரர்களாகப் பேசியவர்களுக்கு அப்படி மாற்றம் எதுவும் இல்லை. 2014 முடிந்ததும் மத்தியப் பணம் நின்றது. பந்து மாநில பட்ஜெட்டின் பக்கம் வந்தது. மிசிசிப்பியும் அலபாமாவும் உயர்வைத் தொடர்ந்தன. கலிபோர்னியா விட்டுவிட்டது, பின்னால் 2016-ல் மக்கள் வாக்களித்து சிகரெட் பாக்கெட்டுக்கு 2 டாலர் கூடுதல் வரி போட்ட பிறகுதான் அதில் ஒரு பகுதியை டாக்டர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. பணக்கார மாநிலம், ஏழை மாநிலம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படத்துக்கு இது பொருந்தாது. மேலே சொன்ன 77 சதவீதத்தை நினைத்துப் பார்த்தால் பொருந்தும்.

சட்டமும் பட்ஜெட்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரோட் ஐலண்டை எப்போதும் சொல்வேன். நாட்டிலேயே மிகச் சிறிய மாநிலம். அமெரிக்காவின் மொத்த மருத்துவச் செலவில் அடிப்படைச் சிகிச்சைக்குப் போவது சுமார் 5 சதவீதம், அளக்கும் முறையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். இதை உயர்த்தியாக வேண்டும் என்று முதலில் கிளம்பியது ரோட் ஐலண்ட்தான். 2010 முதல் ஐந்து வருடங்களுக்கு, ஆண்டுக்கு 1 சதவீதப் புள்ளி வீதம் அந்தப் பங்கை உயர்த்தும்படி தனியார் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கு அங்குள்ள ஒழுங்குமுறை அலுவலகம் விதி போட்டது. பிறகு ஓரிகன் 2017-ல் 12 சதவீதம் என்று சட்டமே போட்டது. டெலவேர் 2021-ல் 11.5 என்றது. எல்லோரும் ரோட் ஐலண்டைத்தான் உதாரணம் காட்டினார்கள். ஆனால் அந்த விதி தனியாருக்கு. அரசு தன் சொந்தப் பையிலிருந்து கொடுக்கும் மெடிக்கெய்ட் கட்டணம் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்றாக அப்படியே கிடந்தது. 2025 ஜூனில், சுமார் 25,000 நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவக் குழு மூடப்பட்டது. திடீரென்று அத்தனை பேரும் டாக்டர் தேட ஆரம்பித்தார்கள். அந்த வருட பட்ஜெட்டிலேயே, அக்டோபரிலிருந்து அடிப்படைச் சிகிச்சைக்கான மெடிக்கெய்ட் கட்டணம் மெடிகேருக்குச் சமமாக்கப்பட்டது. பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு, 25,000 பேர் போனை எடுத்த பிறகு பதில் கிடைத்தது.

உங்கள் மகளுக்கு நேரடியாகப் படுகிற விஷயம் பயிற்சி இடங்கள். ரெசிடென்சிக்கான பெரும்பகுதிப் பணம் மெடிகேரிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த இடங்களின் எண்ணிக்கைக்கு ஒரு பூட்டுப் போட்டது. 1996-ல் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேருக்குத்தான் பணம் என்று. இடையில் சில இடங்கள் சேர்த்திருந்தாலும் பூட்டு இன்னும் தொங்குகிறது. புதிய குடும்ப மருத்துவர்கள் வேண்டும் என்று நினைக்கும் மாநிலம் தன் பணத்தைப் போட்டாக வேண்டும். போட்டால் வீணாகாது. ஃபேமிலி மெடிசின் முடிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்ற இடத்திலிருந்து 100 மைலுக்குள்தான் வேலைக்குச் சேருகிறார்கள்.

டெக்சாஸ் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்ட மாநிலம். 1970-களிலிருந்தே குடும்ப மருத்துவப் பயிற்சிக்குத் தனி நிதி ஒதுக்கிவந்தது. 2009-ல் இன்னொன்றும் செய்தது. டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர்களில் நான்கு வருடம் வேலை செய்தால் கல்விக் கடனில் 1,60,000 டாலர் வரை மாநிலமே அடைக்கும் என்று சட்டம் போட்டது. அதற்குப் பணம் திரட்ட, வாயில் அடக்கும் புகையிலைக்கான வரியை எடைக் கணக்குக்கு மாற்றியது. அருமையான ஏற்பாடு. இரண்டு வருடம் கழித்து பட்ஜெட்டில் பெரிய பள்ளம் விழுந்தது. 2011-ல் பயிற்சி நிதியிலும் கடன் அடைப்புத் திட்டத்திலும் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டிவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது: சட்டம் அப்படியே இருந்தது. புகையிலை வரியும் வசூலாகிக்கொண்டே இருந்தது. வந்த பணத்தைச் செலவழிக்காமல் கணக்கில் வைத்து, பட்ஜெட் சமன் ஆகிவிட்டது என்று காட்டினார்கள். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும், அதுவும் 140 நாள். ஒரு கூட்டத் தொடரில் இழந்ததைக் கேட்க அடுத்த இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். ரெசிடென்சியோ மூன்று வருடம். நடுவில் இருந்தவர்களின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "எங்கள் மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "இந்த வருட ஒதுக்கீடு எவ்வளவு?" என்று நான் கேட்பது இதனால்தான்.

பட்ஜெட் மோசமாக இருப்பதைவிட மோசம், பட்ஜெட்டே இல்லாமல் இருப்பது. இல்லினாயில் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் ஒத்துப்போகாமல் 2015 ஜூலையிலிருந்து இரண்டு வருடம் முழு பட்ஜெட் நிறைவேறவில்லை. மெடிக்கெய்டின் பெரும்பகுதி நீதிமன்ற உத்தரவால் ஓடியது. அரசு ஊழியர்களின் இன்ஷூரன்ஸ் பில்கள் மாதக்கணக்கில் கிடந்தன. மாநிலம் கொடுக்காமல் வைத்திருந்த மொத்த பில் ஒரு கட்டத்தில் 1,600 கோடி டாலரைத் தாண்டியது. பேராசிரியரோ போலீஸ்காரரோ வந்தால் கையில் பணம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்ன கிளினிக்குகள் உண்டு. வங்கியில் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தவர்களும் உண்டு.

இப்போது சட்டங்களுக்கு வருகிறேன். இவை நூற்றுக்கணக்கில் வரும், எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை.

அதிகம் சண்டை நடப்பது நர்ஸ் பிராக்டிஷனர்கள் விஷயத்தில். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கலாம். கலிபோர்னியா 2020-ல் படிப்படியாக அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நியூயார்க் 2022-ல் செய்தது, அதுவும் தனி மசோதாவாக இல்லாமல் பட்ஜெட்டுக்குள் வைத்து. டாக்டர் சங்கங்கள் ஒவ்வொரு வருடமும் தங்கள் பலத்தில் பெரும்பங்கை இதை எதிர்ப்பதில் செலவிடுகின்றன. பயிற்சிக் கால வித்தியாசம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னோடு வேலை செய்த நல்ல நர்ஸ் பிராக்டிஷனர்கள் இல்லாமல் என் கிளினிக் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. என் சக டாக்டர்கள் சிலருக்கு நான் இப்படிச் சொல்வது பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்: இந்தச் சண்டையில் செலவிடும் சக்தியில் பாதியைக் கட்டண விஷயத்தில் காட்டியிருந்தால் நாம் எங்கோ போயிருப்போம்.

முன் அனுமதிச் சட்டங்கள் இன்னொரு வகை. நான் ஒரு மருந்தோ ஸ்கேனோ எழுதினால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் "முதலில் எங்களிடம் அனுமதி வாங்கு" என்கிறது. படிவம், போன், ஃபேக்ஸ். ஆமாம், இன்னமும் ஃபேக்ஸ். டெக்சாஸ் 2021-ல் நல்ல யோசனை ஒன்றைச் சட்டமாக்கியது. குறிப்பிட்ட ஒரு சேவைக்கு ஆறு மாதத்தில் ஒரு டாக்டர் கேட்டதில் 90 சதவீதம் அனுமதிக்கப்பட்டிருந்தால், அதற்கப்புறம் அவர் அந்தச் சேவைக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை என்றது அப்போதைய விதி. தங்க அட்டை என்று பெயர். கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அதே சேவைக்குக் குறைந்தது ஐந்து விண்ணப்பமாவது போட்டிருக்க வேண்டியிருந்தது. குடும்ப மருத்துவர் நூறு விதமான வியாதி பார்ப்பவர். ஒரே ஸ்கேனை ஒரே நிறுவனத்திடம் ஐந்து முறை கேட்டிருக்க மாட்டார். முதல் சுற்றில் தங்க அட்டை கிடைத்தது 3 சதவீத டாக்டர்களுக்குத்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. பெரிய முதலாளிகள் இன்ஷூரன்ஸ் வாங்குவதில்லை, தாங்களே ஊழியரின் மருத்துவச் செலவைக் கொடுத்துவிட்டு, நிர்வாகத்தை மட்டும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் விடுகிறார்கள். 1974-ம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்றின்படி இந்தத் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. வேலை மூலம் காப்பீடு பெறும் ஊழியர்களில் 10-க்கு 6 பேருக்கு மேல் இப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள். என் முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரிடமும் ஒரே நிறுவனத்தின் அட்டை இருக்கும். ஒருவருக்கு மாநிலச் சட்டம் பொருந்தும், மற்றவருக்குப் பொருந்தாது. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வைத்துத்தான் பல சமயம் கண்டுபிடிக்க வேண்டும்.

மருந்துச் சீட்டுக்குள்ளும் மாநிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓபியாய்டு எனும் அபினி வகை வலி மாத்திரைகளால் சாவுகள் பெருகியபோது, முதல் முறை எழுதுவது 7 நாளைக்கு மேல் கூடாது என்று மாசசூசெட்ஸ் 2016-ல் சட்டம் போட்டது. மளமளவென்று மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. எழுதுவதற்கு முன் நோயாளி வேறு எங்கே வாங்கினார் என்று மாநிலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று நியூயார்க் 2013-லேயே கட்டாயமாக்கிவிட்டது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதிவேட்டைப் பார்த்து ஓரிரு முறை நானே திடுக்கிட்டிருக்கிறேன், ஆகவே இதில் எனக்குப் புகார் இல்லை. தடுப்பூசியில் கலிபோர்னியா கடுமையானது. 2015-ல் சொந்த நம்பிக்கையின் பேரில் விலக்குக் கேட்பதை நிறுத்தியது. உடனே சில டாக்டர்கள் மருத்துவக் காரணம் காட்டித் தாராளமாக விலக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019-ல் அதற்கும் கடிவாளம் வந்தது. ஒரு டாக்டர் வருடத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ கொடுத்தால் மாநிலம் அவற்றை எடுத்துப் பார்க்கும். கருக்கலைப்புத் தடை உள்ள மாநிலங்களிலோ, தானாகக் கரு கலைந்து வரும் பெண்ணுக்குச் சிகிச்சை தரும்போதுகூட டாக்டர் வக்கீலை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டெக்சாஸில் சட்டத்தை மீறியதாக நிரூபணமானால் ஆயுள் தண்டனை வரை போகலாம். பிரசவமும் பார்க்கும் குடும்ப மருத்துவர்கள் எந்த மாநிலத்தில் வேலைக்குப் போவது என்று முடிவு செய்வதில் இது இப்போது முக்கியமான காரணம்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது விசா. ஜே-1 விசாவில் பயிற்சிக்கு வந்தவர் முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குப் போக வேண்டும். அதிலிருந்து விலக்குப் பெற, டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், மாநில அரசு பரிந்துரைக்கலாம். ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர். 1994-ல் வந்த ஏற்பாடு இது, அப்போது 20 பேர்தான். கலிபோர்னியாவுக்கும் 30, வயோமிங்குக்கும் 30. அந்த 30-ல் எந்தத் துறைக்கு முன்னுரிமை என்று வகுப்பது அந்தந்த மாநிலச் சுகாதாரத் துறை. உங்கள் மகள் இந்த விசாவில் இருந்தால், அந்த விதிகளை இரண்டாம் வருடமே படித்து வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு புதிய போக்கு: வெளிநாட்டில் முழுப் பயிற்சி முடித்த டாக்டர் அமெரிக்காவில் மறுபடி ரெசிடென்சி செய்யாமலே தற்காலிக லைசென்ஸ் பெறலாம் என்று டென்னசி 2023-ல் சட்டம் இயற்றியது. ஃபுளோரிடா, டெக்சாஸ் எல்லாம் தொடர்ந்தன. வாட்ஸ்அப்பில் இதைப் பெரிய வரமாகப் பரப்புகிறார்கள். லைசென்ஸ் மாநிலத்தின் கையில், விசா மத்திய அரசின் கையில், சிறப்புத் தகுதிச் சான்று தொழில் வாரியத்தின் கையில் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இந்த வருடங்களில் ஏன் இந்தப் பயணங்கள் அதிகம் பேசப்படுகின்றன என்றால், 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம். மெடிக்கெய்ட் விரிவாக்கத்தில் (ஒபாமா காலத்துச் சட்டத்தின்படி, விரும்பிய மாநிலங்கள் மெடிக்கெய்டை இன்னும் பலருக்குத் திறந்துவிட்டதில்) சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ செய்வதாகக் காட்ட வேண்டும், மாநிலங்கள் 2027 தொடக்கத்துக்குள் இதை அமல்படுத்தியாக வேண்டும். படிவம் நிரப்பத் தவறியே பலர் விழுந்துவிடுவார்கள் என்று நான் அஞ்சுகிறேன். அதைவிட மாநில பட்ஜெட்டைக் கடிப்பது இன்னொரு பிரிவு. அலாஸ்கா தவிர மற்ற மாநிலங்கள் எல்லாம் ஆஸ்பத்திரி முதலியவற்றின் மீது ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தைத் தங்கள் பங்காகக் காட்டி மத்தியப் பங்கை வாங்கிவருகின்றன. விரிவாக்கம் செய்த மாநிலங்களில் இந்த வரியின் வரம்பு 6 சதவீதத்திலிருந்து 2028 நிதியாண்டு முதல் வருடத்துக்கு அரைப் புள்ளி இறங்கி, 2032-ல் 3.5 ஆகும். அந்தப் பள்ளத்தை எங்கே வெட்டி நிரப்புவார்கள் என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்து ஊகிக்கலாம். அதற்கு முன்பே 2025 செப்டம்பரில் ஐடஹோ கட்டணங்களை 4 சதவீதம் குறைத்தது. அக்டோபரில் வட கரோலினா 3 முதல் 10 சதவீதம் வரை குறைத்து, எதிர்ப்பும் வழக்குகளும் வந்த பிறகு டிசம்பரில் திரும்பப் பெற்றது.

அங்கே போய் என்ன பேசுவது என்றால், முதலில் தேதி. பெரும்பாலான மாநிலங்களின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். நியூயார்க்குக்கு ஏப்ரல் 1, டெக்சாஸுக்கு செப்டம்பர் 1, மிச்சிகனுக்கும் அலபாமாவுக்கும் அக்டோபர் 1. ஒதுக்கீடுக் குழு எண்களை எழுதி முடிப்பதற்கு முன்னால் போக வேண்டும். அவையில் மசோதா நிறைவேறும் நாளில் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்வதில் பயன் இல்லை. ஒவ்வொரு மசோதாவோடும் அது கஜானாவுக்கு என்ன செலவு வைக்கும் என்ற குறிப்பு ஒன்று வரும். நல்ல மசோதாக்கள் செத்துப்போவது விவாதத்தில் தோற்று அல்ல, பெரும்பாலும் இந்தக் குறிப்பைப் பார்த்து. கலிபோர்னியாவில் செலவு அதிகமுள்ள மசோதாக்களை எல்லாம் சஸ்பென்ஸ் ஃபைல் என்ற ஒரே கட்டில் போட்டு, ஒரே நாளில் மளமளவென்று வாசித்து, எது பிழைத்தது எது போனது என்று சொல்லிவிடுவார்கள். காரணம் கூடச் சொல்வதில்லை. மசோதா பிழைத்துச் சட்டமானாலும் வேலை முடியாது, விதிகளைத் துறை எழுத வேண்டும். தங்க அட்டைக்கு ஐந்து விண்ணப்பம் போன்ற சின்ன எண்ணிக்கைகளில்தான் ஒரு நல்ல சட்டத்தின் உயிரே போகிறது. அந்த வரைவுக்குக் கருத்துச் சொல்லும் அவகாசத்தை நம் டாக்டர்கள் பெரும்பாலும் தூங்கிக் கழித்துவிடுகிறார்கள்.

உறுப்பினரைப் பார்க்க முடியாமல் உதவியாளரைப் பார்த்தால் வருத்தப்பட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். எண்களைக் குறித்துக்கொள்பவர் அவர்தான். பெயர் சொல்லாமல் ஒரு நோயாளியின் கதை, அந்தத் தொகுதியில் எத்தனை பேருக்குக் குடும்ப மருத்துவர் இல்லை என்ற தகவல், பட்ஜெட்டில் எந்த வரியில் எவ்வளவு வேண்டும் என்ற ஒரே ஒரு கோரிக்கை. இவ்வளவு போதும், ஐந்து நிமிடத்துக்கு இதுவே அதிகம். அப்புறம், அந்தக் கட்டடங்களில் தரை முழுக்கப் பளிங்கு. கோட்டு அழகாக இருக்கிறதே என்று புது ஷூ போட்டுக்கொண்டு போக வேண்டாம், பழகிய ஷூவே நல்லது. நான் அந்த முதல் நாள் மாலை பஸ்ஸில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திரும்பினேன்.